மகளின் ரத்தத்தில் இருநூற்றுப் பதினான்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் மிஷின் இன்றும் பாதியில் நின்றது. தலையில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகிறது. பரிசோதனைக் கூடத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மனிதர்களைவிட மிஷின்களிடம்தான் அதிகம் கெஞ்சியிருப்பேன். இன்று மொத்தம் நூற்று முப்பது குழாய். சாப்பிடும்போது மணி மூன்றரை.

நூற்று முப்பதில் ஒன்று என் மகள் சிட்டுவுடையது.

அவள் அப்பா போய் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. யாருடைய அலுவலகத்திலோ விளக்கு மாட்ட ஏணியில் ஏறினார். அவரை இறக்கியவர்கள் பிணமாகத்தான் இறக்கினார்கள். மாரடைப்பு. நாற்பத்தைந்து வயது. "இது வம்சத்துல வர்ற கொழுப்பு. பொண்ணுக்கும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று இதய டாக்டர் அந்த வாரமே சொன்னார். ஊருக்கெல்லாம் பார்க்கிறவள் என் வீட்டுக்குப் பார்க்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். பார்க்காதவரை இல்லை என்று ஒரு கணக்கு.

கெட்ட கொழுப்பு 214. இதில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது.

இரண்டாம் முறை மிஷினில் வைத்தேன். 214.

பதினெட்டு வயது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அதனால்தான் சிட்டு என்ற பெயரே நிலைத்தது. அந்த உடம்புக்குள்ளா?

பிப்ரவரி 13, வியாழன்

இதய டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். தாளைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டார். மாத்திரை.

"உடற்பயிற்சி பண்ணிப் பாக்கலாமா சார்?"

"தாராளமா பண்ணட்டும். ஆனா இந்த வகைக் கொழுப்பு ஓடினா மட்டும் குறையாது. கல்லீரல் ரத்தத்துலேர்ந்து அதை வாங்கிக்கணும். இவங்களுக்கு அந்த வாசலே பாதி அடைச்சிருக்கு."

"அவங்க அப்பாவும் மூணு வருஷம் மாத்திரை போட்டார் சார்."

அவர் சீட்டை எழுதி நீட்டினார். மூன்று மாதம் பாருங்கள், பிறகு கட்டாயம் வாருங்கள் என்றார். சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். கடைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

சிட்டுவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "அப்பாவோடதேவா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா. ஆனா ஓடி, சாப்பாட்டைக் குறைச்சு, நாம கட்டுப்படுத்திடலாம்."

"மாத்திரை போட்டா சரியாயிடுமா?"

"அப்பாவுக்குச் சரியாச்சா?"

முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்ச் சமையலறையில் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, "சரி, ஓடறேன்" என்றாள். அப்படிச் சொன்ன வேகம் எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் சோம்பல் இவளுக்கு இல்லை.

மார்ச் 3, திங்கள்

முதல் நாள். காலை ஐந்தே முக்காலுக்கு மைதானம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மண் தடம், ஒரு சுற்று நானூறு மீட்டர். இரண்டு சுற்று ஓடி வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் நான்கு சுற்று நடந்தேன். என் முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

திரும்பும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டாள். அவர் போன பிறகு இன்றுதான் அப்படி.

மார்ச் 22, சனி

ஆறு சுற்று. வாந்தி இல்லை.

ஏப்ரல் 9, புதன்

சமையலறைச் சுவரில் அட்டவணை ஒட்டியாயிற்று. ஓடிய தூரம், நேரம், எடை. எண்ணெய் வாரத்துக்கு எவ்வளவு என்று பாட்டிலில் கோடு போட்டிருக்கிறேன். முட்டையின் மஞ்சள், வெண்ணெய், பொரித்தது எதுவும் வீட்டுக்குள் வராது.

பரிசோதனைக் கூடத்தில் பக்கத்து மேசைக்காரி கேட்டாள்: "ஓடினா ரத்தத்துக்குள்ள என்னதான் நடக்குது? நீ பேசறதைப் பாத்தா என்னமோ மந்திரம் மாதிரி இருக்கு." மந்திரம் எல்லாம் இல்லை. வேலை செய்கிற தசை பசியெடுத்த பிள்ளை மாதிரி. ரத்தத்தில் மிதக்கும் டிரைகிளிசரைட் கொழுப்பைப் பிய்த்துத் தின்றுவிடும். இன்சுலின் கொஞ்சம் இருந்தாலே சர்க்கரை உள்ளே போகும். தினமும் செய்தால் உடம்பின் உள்வீக்கம் அடங்கும். அதற்கு ஓர் அளவு இருக்கிறது, நாமே தினமும் மிஷினில் பார்க்கிறோமே என்றேன். என் குரலில் ஒரு பிரசங்கி ஏறி உட்கார்ந்திருந்தாள். எனக்கே கேட்டது.

ஆனாலும் சொல்வதற்குச் சுகமாக இருந்தது. இத்தனை மாதத்தில் என் கையில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

மே 20, செவ்வாய்

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தேன்.

சிட்டு: மிதக்கும் கொழுப்பு 96-இலிருந்து 61. நல்ல கொழுப்பு 44-இலிருந்து 55. உள்வீக்கம் 1.8-இலிருந்து 0.5. அவ்வளவு சுத்தமான தாளை நான் எந்த நோயாளிக்கும் அச்சடித்ததில்லை.

கெட்ட கொழுப்பு 201.

இரண்டரை மாதம் காலைத் தூக்கம் கெட்டு, வாய் கட்டி, பதின்மூன்று புள்ளி.

நான்: மிதக்கும் கொழுப்பு 212-இலிருந்து 148. உள்வீக்கம் 4.1-இலிருந்து 1.9. எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்த சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. நான் வெறுமனே நடந்தேன். கேட்காதவளுக்குக் கிடைக்கிறது.

டாக்டரிடம் போகவில்லை. 201-ஐ எடுத்துக்கொண்டு போனால் மாத்திரையைத்தான் நீட்டுவார். இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்.

ஜூன் 12, வியாழன்

காலை மட்டும் அல்லாமல் மாலையும் ஓடுகிறாள். நான் சொல்லவில்லை. அவளே.

நான் தடுக்கவும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

பத்து கிலோமீட்டர், ஐம்பத்து மூன்று நிமிடம். அட்டவணையில் சிவப்புப் பேனாவால் எழுதினேன்.

ஜூலை 27, ஞாயிறு

தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். தொப்பையைத் தடவிக்கொண்டே, "என் ரத்தத்தை எடுத்தீன்னா அதுலயே ரெண்டு முட்டை பொரிக்கலாங்கா" என்றான். சிட்டு சிரிக்கவில்லை. முன்பெல்லாம் மாமா வாயைத் திறந்தாலே சிரிப்பாள்.

சாப்பிடும்போது அவள் ரொட்டியை நகம் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி அவள் கையைப் பிடித்து, "என்னடி இது, இந்தப் புழுக்கத்துல ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். கையை உருவிக்கொண்டாள்.

கிளம்பும்போது தம்பி என்னைப் படிக்கட்டில் நிறுத்தினான். "அக்கா, நீ அவ ரிப்போர்ட்டைப் பாக்கற. அவ மூஞ்சியப் பாத்தியா?"

"உன் பொண்ணுக்கு இருநூத்திப் பதினாலு வந்தா அப்ப பேசு."

எனக்குப் பிள்ளை இல்லைக்கா என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமல் மூன்று மாடியும் இறங்கிப் போனான். என் நாக்கில் நரம்பு இல்லை என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

236.

ஏறியிருக்கிறது. ஏறியிருக்கிறது.

உள்வீக்கம் 5.8. அது புரிகிறது, நேற்று பதினைந்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறாள், கடுமையாக ஓடிய மறுநாள் அப்படித்தான் காட்டும். ஆனால் கொழுப்பு? எண்ணெய் இல்லை, முட்டை மஞ்சள் இல்லை, தினம் இரண்டு வேளை ஓட்டம். எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "வெளியில என்ன தின்ன?"

"ஒண்ணும் தின்னலம்மா."

"காலேஜ்ல?"

"ஆப்பிள்."

"பொய் சொல்லாத. நீ பொய் சொல்லலாம், ரத்தம் பொய் சொல்லாது."

அவள் பையைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். அளவுகோல், பென்சில், வரைபடத் தாள்கள், பாதி ஆப்பிள். கறுத்துப்போயிருந்தது. காலையில் கடித்ததாக இருக்கும்.

"போதுமா?" என்றாள்.

போதாது என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். பாலையும் நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

குளியலறை அலமாரியைத் துடைத்தேன். நாப்கின் பொட்டலங்கள் மூன்றும் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. எனக்கு நின்று ஒரு வருடம் ஆயிற்று, அவளுக்காகத்தான் வாங்குவது. காலேஜில் வாங்கிக்கொள்கிறாள் போலிருக்கிறது. அலமாரியை மூடிவிட்டேன்.

தொடைச் சந்தில் வலி என்கிறாள். சுளுக்கு. இரண்டு நாள் ஐஸ் வைக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 6, சனி

வலி போய்விட்டது என்றாள். நொண்டுவது போல எனக்குத் தோன்றியது. கேட்டதும் நேராக நடந்து காட்டினாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு, தடத்தின் தூரத்து வளைவில் விழுந்தாள். தடுக்கி விழவில்லை. ஓடிக்கொண்டிருந்த கால் அப்படியே மடங்கியது. நான் எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தேன். இருநூறு மீட்டர். இந்த ஆறு மாதத்தில் நான் ஓடிய ஒரே ஓட்டம்.

அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "அம்மா, கால் என்னோடது மாதிரி இல்ல" என்றாள்.

இடுப்புப் பந்துக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. முதலில் மயிரிழை விரிசலாக இருந்திருக்கிறது, பல வாரமாக. அதன்மேலேயே ஓடியிருக்கிறாள். இன்று முழுதாக விட்டுவிட்டது. நாளை காலை அறுவை.

ஐஸ் வைக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மூன்று திருகாணி. இரண்டரை மணி நேரம்.

தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் எலும்பு டாக்டர், சின்ன வயதுப் பெண், கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள்: "கடைசியா எப்ப தூரமான?"

சிட்டு என்னைப் பார்க்கவில்லை. "ஏப்ரல்."

"இந்த ஏப்ரலா? அஞ்சு மாசமாவா? வீட்ல யார்கிட்டயும் சொல்லலியா?"

"எடை குறைஞ்சா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மூன்று பொட்டலம். எண்ணத் தெரியாதவளா நான்? ரத்தத்தில் புள்ளி ஐந்து கூடினால் பிடித்துவிடுகிறேன். கண்ணுக்கு எதிரே அடுக்கி வைத்திருந்ததைத் துடைத்துவிட்டு அலமாரியைச் சாத்தினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இதை எழுதியே ஆக வேண்டும்.

மதியம் மயக்கம் முழுதாகத் தெளிந்துவிட்டது. அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா மாத்திரை போடல."

"எந்த மாத்திரை?"

"கொழுப்பு மாத்திரை. ரெண்டு வருஷமா. கால் வலிக்குதுன்னு நிறுத்திட்டார். கருவிப் பையில அட்டை அட்டையா வச்சிருந்தார். நான் பாத்துட்டேன்."

அவருக்கு ஊசி என்றால் பயம். கெட்ட கொழுப்பு முதலில் 268. மாத்திரை தொடங்கி ஆறு மாதத்தில் ஒருமுறை எடுத்தேன், 150. "அதான் இறங்கிடுச்சே, சும்மா சும்மா எதுக்குக் குத்தற" என்று அதன்பிறகு கையைத் தரவே இல்லை. மாதாமாதம் மாத்திரையை வாங்கி வைத்தேன். தீர்ந்துகொண்டே வந்தது. தீர்ந்தது என்றால் போட்டார் என்றுதானே—

"அம்மாகிட்ட சொல்லிடாத, ஊசியோட தொரத்திக்கிட்டு வருவான்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன்" என்றாள் சிட்டு. "நீ ஓடச் சொன்னப்போ, ஓடி ஓடித் தீத்துடலாம்னு நெனச்சேன். எவ்வளவு ஓடினாலும் தீரலம்மா."

அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பதினாறு வயதில் அப்பாவோடு சேர்ந்து சிரித்த பிள்ளை. அவ்வளவுதானே.

நான் சொன்னேன்: "அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருந்தா அவரு—"

நிறுத்திவிட்டேன். நிறுத்தி என்ன? அந்த வாக்கியத்துக்கு வேறு முடிவே கிடையாது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள், பரீட்சைத் தாளில் எதிர்பார்த்த மதிப்பெண் வந்தவள்போல.

செப்டம்பர் 17, புதன்

அவருடைய கருவிப் பை பரணில் இருந்தது. இருபத்து நான்கு மாத்திரை அட்டைகள், மாதத்துக்கு ஒன்று. ஸ்க்ரூ டிரைவருக்கும் ஒயர் சுருளுக்கும் நடுவில், ரப்பர் பேண்ட் போட்டு. தூக்கிப்போடக்கூட மனசு வரல போல. பாவி மனுஷா, உன்னை என்ன சொல்லித் திட்டறது? திட்டக்கூட ஆள் இல்லாம பண்ணிட்டியே.

மாத்திரை அவரைக் கைவிடவில்லை. கைவிட்டது என்று நம்பித்தான் பெண்ணை ஓடவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சிட்டு மாமா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். "அங்க தரைத்தளம். நம்ம வீடு மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல."

உண்மைதான். லிஃப்ட் இல்லைதான்.

தம்பி அவளைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தான். "லேசா இருக்கா" என்றான் என்னிடம், திட்டுவதுபோல. ஊன்றுகோல்களை நான் பின்னால் வைத்தேன். கதவைச் சாத்தும்போது, "சாப்பிடும்மா" என்றாள் என்னைப் பார்த்து. நான் சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஹார்மோன் டாக்டர் என்னைத் தனியாக வரச் சொல்லியிருந்தார். வயதானவர், அவசரமில்லாமல் பேசுகிறார். கால் மணி நேரம் நான் கொண்டுபோன தாள்களையே புரட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் தேதி வாரியா அழகா வச்சிருக்கீங்க" என்றார். அது பாராட்டு இல்லை. கேலியும் இல்லை.

அவர் சொன்னதை எழுதிவைக்கிறேன். ஓடுவது தப்பில்லை, அளவாகச் செய்தால் அவர் தரும் எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை. இவள் ஓடியது வேறு. உள்ளே போகும் சாப்பாடு வெளியே போகும் உழைப்புக்குக் கட்டுப்படியாகவில்லை. உடம்பு என்ன செய்யும்? வருமானம் குறைந்த குடும்பம் மாதிரி, உடனே தேவைப்படாத செலவை நிறுத்தும். முதலில் கருப்பை. மூளையிலிருந்து வரும் உத்தரவே நின்றுவிடும். அதனால் பெண் ஹார்மோன் இறங்கும். தைராய்டு தணியும், கை ஜில்லென்று ஆகும். பயத்துக்கும் அலைச்சலுக்கும் சுரக்கும் ஹார்மோன் மட்டும் ஏறும். பெண் ஹார்மோன் இல்லையென்றால் எலும்பு கரையும்.

"கொழுப்பு ஏன் டாக்டர் ஏறிச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஹார்மோன்தாம்மா கல்லீரலை வேலை வாங்கிக் கெட்ட கொழுப்பை உள்ள இழுக்க வைக்கும். இவங்களுக்குப் பிறப்புலயே பாதி வாசல் அடைப்பு. மீதிப் பாதியையும் பட்டினி போட்டு சாத்தியாச்சு."

ஆகஸ்டில் அது ஏறியபோது நான் பாலை நிறுத்தினேன்.

"இதுவரைக்கும் போனது திரும்புமா?"

"மாதவிலக்கு வரும். சாப்பிடணும், ஓடக் கூடாது. நடக்கட்டும், லேசா எடை தூக்கட்டும். கொழுப்புக்கு மாத்திரை இன்னைக்கே ஆரம்பம். எலும்பு..." கையை விரித்தார். "இந்த வயசுலதான் சேத்து வைக்கிறது. ஒரு பங்கு போச்சு. முழுசா வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "இனிமே ரிப்போர்ட் எதுவும் உங்களுக்குத் தர வேண்டாம்னு பொண்ணு எழுதிக் குடுத்திருக்காங்க. பத்தொன்பது வயசு ஆச்சு. நான் அதை மதிக்கணும்."

"மதிங்க டாக்டர்" என்றேன்.

அக்டோபர் 8, புதன்

அட்டவணையைக் கிழித்தேன். பசை நன்றாக ஒட்டியிருந்தது. சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

ஞாயிறுதோறும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். இன்று ஒற்றை ஊன்றுகோலோடு கதவைத் திறந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. கால்மணி நேரம் பேசினோம்: மழை, காலேஜ், பக்கத்து மேசைக்காரியின் பேரன். அறிமுகமானவர்கள் பேசுவதுபோல நன்றாகவே பேசினோம்.

தம்பி மனைவி தட்டு வைத்தாள். நான் கூடத்தில் இருந்தவரை சிட்டு சாப்பிட உட்காரவில்லை. அது புரிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

வேலையிடத்தில் எல்லோருக்கும் வருடாந்தரப் பரிசோதனை. என் தாள் வந்தது. மிதக்கும் கொழுப்பு 118. உள்வீக்கம் 0.9. சர்க்கரை சுத்தம். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "உன் வயசுல இப்படி ஒரு ரத்தமா, கண்ணு படப்போகுது" என்றாள்.

அவள் இல்லாத மைதானத்தில் இன்னும் நடக்கிறேன். வேறு எங்கே போவது? கால்கள் போகின்றன. பெண்ணின் எலும்பைக் கொடுத்து நான் வாங்கிய ரத்தம் இது. தாளைச் சுருட்டிக் கூடையில் போட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

நோயாளிகளின் குழாய்களுக்கு நடுவில் அவள் பெயர் ஒட்டிய குழாய் வந்தது. வழக்கமாக அவள் ரத்தம் கொடுக்கும் பரிசோதனைக் கூடம் மூடியிருந்ததாம். மிஷினில் வைக்க மூன்று நிமிடம், திரையில் பார்க்க ஒரு நொடி. யார் கேட்கப்போகிறார்கள்?

குழாயைப் பக்கத்து மேசைக்கு நகர்த்திவிட்டு வெளியே போனேன். மாடிப்படியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். குடிகாரர்களுக்கு இப்படித்தான் இருக்குமா?

ஜனவரி 20, செவ்வாய்

தம்பி மனைவி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணி, வந்துடுச்சு" என்றாள்.

"என்னது?"

"அதான். காலையில. ஒன்பது மாசத்துக்கப்புறம்."

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னா. மனசு கேக்கல. நான் சொன்னதா காட்டிக்காதீங்க."

"காட்டிக்கமாட்டேன்" என்றேன். பெற்றவளுக்கு ரகசியமாகத்தான் தெரிய வேண்டியிருக்கிறது. தெரிந்ததே பெரிது.

பிப்ரவரி 15, ஞாயிறு

சிட்டுவே கேட்டாள்: "கொஞ்ச தூரம் நடக்கலாமா?"

தம்பி வீட்டுத் தெருவில் நடந்தோம். ஊன்றுகோல் இல்லை. இடது காலை மட்டும் ஒரு யோசனையோடு வைக்கிறாள். அந்தக் கால் ஒரு விரல் அளவு குட்டை என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் வேகத்துக்கு நடப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு மெதுவாக நடந்து பழக்கமில்லை.

"படிப்பு முடியுதும்மா. வேற ஊர்ல பயிற்சி கிடைச்சிருக்கு. வரைபட ஆபீஸ். மார்ச்சுல போறேன். ஹாஸ்டல்."

"எத்தனை மாசம்?"

"ஒரு வருஷம். அப்புறம் அங்கேயே வேலை தந்தாலும் தருவாங்க."

தையல் கடை வரை நடந்தோம். பிறகு நான் சொன்னேன்: "ஆஸ்பத்திரியில நான் பாதியில நிறுத்தினேனே—"

"முடிக்காதம்மா."

"முடிக்க வரல. அது தப்பு. அப்பா போனதுக்கு அப்பாதான் காரணம். கூடவே நான். மாத்திரையை வாங்கி வச்சேன், வாயில போட்டாரான்னு பாக்கல. நீ காரணமே இல்ல."

அவள் நின்றாள். ஒரு கையால் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியும். டாக்டர் சொன்னார், மாமா சொன்னார். ஆனா காதுல விழுந்தது விழுந்ததுதானேம்மா."

"ஆமா" என்றேன்.

திரும்பி நடந்தோம். வாசல் வந்ததும், உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். மூன்று பேரோடு நானும் உட்கார்ந்தேன். அவள் தட்டை நான் பார்க்கவில்லை. என் தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை கரண்டி எடுக்கும் சத்தம் அவள் பக்கத்திலிருந்து கேட்டது.

மார்ச் 7, சனி

ரயில் நிலையத்துக்குத் தம்பிதான் கூட்டிப்போனான். தம்பி மனைவியும் நானும் போனோம். பெட்டியைத் தூக்க அவள் விடவில்லை. ஜன்னல் வழியாக, "போய்ட்டு வரேன்" என்று மூவருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

மார்ச் 9, திங்கள்

காலை ஏழே கால். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போனில் அவளிடமிருந்து செய்தி. நேற்று முழுக்க ஒன்றும் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

"மாத்திரை போட்டேன். சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லச் சொன்னதாகவும் தெரியவில்லை. இரண்டு முறை படித்தேன். என்ன சாப்பிட்டாய், அறை எப்படி, கால் வலிக்கிறதா என்று வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றாக அழித்தேன்.

"சரிம்மா" என்று அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கி வேலைக்குப் போனேன்.